இரண்டு ஆடுகளும் ஒரு சிலுவையும்

இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். தோற்றத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே வாங்கியிருக்க வேண்டும். யூத நாட்காட்டியில் திஷ்ரி மாதம் பத்தாம் நாளான பாவநிவிர்த்தி நாளில், எருசலேம் ஆலய முற்றத்தில் பிரதான ஆசாரியர் முன் அவற்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் ஒரு பெட்டிக்குள் இரு கைகளையும் விட்டு இரண்டு சீட்டுகளை எடுப்பார். ஒன்று கர்த்தருக்கு, மற்றது அசாசேலுக்கு. எந்தச் சீட்டு எந்த ஆட்டின் தலையில் வைக்கப்படுகிறதோ அதுவே அதன் விதி. கர்த்தருக்கென்று விழுந்த ஆடு பலியாகும். மற்றது உயிரோடு வனாந்தரத்துக்குப் போகும். தமிழ் வேதாகமம் அதைப் போக்காடு என்கிறது.

இயேசு சிலுவையில் இறந்ததால் மனிதர் பாவத்திலிருந்து மீட்கப்பட்டனர் என்பது கிறிஸ்தவத்தின் மைய நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிறந்த இடத்தைத் தேடிப் போகிறவர் இந்த முற்றத்துக்கு வராமல் திரும்ப முடியாது. ஆனால் ஆட்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் இயேசுவை வைத்தார்கள் என்று சுருக்கினால் கதையில் பாதி தவறிப்போகும். பழைய இஸ்ரவேலில் பலவகைச் சடங்குகள் தனித்தனியாக நடந்துவந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நாள், தனி விலங்கு, தனிப் பயன். அவை எல்லாம் ஒரே மனிதர்மேல் வந்து குவிந்தபோதுதான் கிறிஸ்தவ மீட்பு பிறந்தது.

கறை எங்கே படிந்தது?

லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரம் ஒரு சாவை நினைவுபடுத்தித் தொடங்குகிறது. முதல் பிரதான ஆசாரியரான ஆரோனின் புதல்வர் இருவர் கர்த்தரின் சந்நிதியில் சேர்ந்தபோது இறந்துபோனார்கள். ஆகவே ஆரோன் நினைத்தபோதெல்லாம் மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்கு உள்ளே போகக் கூடாது. ஆண்டுக்கு ஒரு நாள் போகலாம். அதுவும் பிரதான ஆசாரியருக்குரிய பகட்டான உடையைக் களைந்துவிட்டு, வெறும் சணல்நூல் அங்கியோடு. முதலில் தனக்கும் தன் வீட்டாருக்குமாக ஒரு காளையைப் பலியிடுவார். உள்ளே தூபம் போட்டு, புகை கிருபாசனத்தை மூடும்படி செய்வார். கிருபாசனம் என்பது உடன்படிக்கைப் பெட்டியின் பொன்மூடி. காளையின் இரத்தத்தை விரலால் தொட்டு அதன்மேலும் அதன் முன்னும் தெளிப்பார். அடுத்து மக்களுக்கென்று பலியான ஆட்டின் இரத்தமும் அதே விதமாகத் தெளிக்கப்படும். பிறகு வெளியே வந்து பலிபீடத்தின் கொம்புகளில் பூசுவார்.

இரத்தம் மூடியில் படுகிறது, அதன் முன்னால் படுகிறது, பலிபீடத்தில் படுகிறது. பாவம் செய்த மக்கள்மேல் ஒரு துளியும் படுவதில்லை. அமெரிக்க யூத அறிஞரும் ரபியுமான ஜேக்கப் மில்க்ரோம் (1923–2010) இந்த விவரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1991இல் வெளிவந்த அவருடைய பெரிய லேவியராகம உரையின் அடிப்படையே இதுதான்: பாவநிவாரண பலி பாவியைக் கழுவுவதற்கானது அல்ல, ஆலயத்தைக் கழுவுவதற்கானது. மக்கள் எங்கே தப்புச் செய்தாலும் அதன் அழுக்கு கண்ணுக்குத் தெரியாமல் வந்து ஆலயத்தில் படிகிறது. படியவிட்டால் ஒருநாள் கடவுள் அந்த வீட்டில் தங்கமாட்டார். உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பது ஆசாரியரின் நம்பிக்கை. சாவின் கறையைப் போக்க உயிரையே அவர்கள் கையில் எடுத்தார்கள்.

இனி இரண்டாவது ஆடு. அதன் தலையில் ஆசாரியர் இரு கைகளையும் ஊன்றி, மக்களின் அக்கிரமங்களை எல்லாம் வாய்விட்டு அறிக்கையிடுவார். பாவம் ஆட்டின் தலைக்கு ஏறும். அதற்கென்று நியமிக்கப்பட்ட ஓர் ஆள் அதை ஆளில்லாப் பொட்டலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவான். பலியான ஆட்டின்மேல் பாவம் ஏற்றப்பட்டதாக இந்த அதிகாரம் சொல்வதில்லை. பாவத்தைச் சுமந்த ஆடு கொல்லப்படுவதும் இல்லை. சாவது ஒன்று, சுமப்பது வேறொன்று. சிலுவையில் இந்த இரண்டு வேலையும் ஒருவரிடம் சேரும். அதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் தனி மனிதர் கொண்டுவந்த பாவநிவாரண பலிகள் பெரும்பாலும் தெரியாமல் செய்த பாவத்துக்கு உரியவை. துணிந்து, கையை ஓங்கிச் செய்த பாவத்துக்குத் தனி மனிதர் கொண்டுவந்து கொடுக்கக்கூடிய பலி எதையும் எண்ணாகமம் காட்டுவதில்லை. ஆடோ புறாவோ வாங்க வழியில்லாத ஏழை, எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தாலும் அது பாவநிவாரண பலியாக ஏற்கப்பட்டது. இரத்தமே சிந்தாத பலியும் இருந்தது என்பதைப் பிற்காலத்து வாதங்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அக்கம்பக்கத்து ஆடுகள்

கறையை விலங்கின்மேல் ஏற்றி வெளியே அனுப்பும் பழக்கம் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியதல்ல. சிரியாவின் எப்லா நகரத்தில் கிடைத்த, கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த களிமண் பலகைகளில், அரச கல்லறை மண்டபத்தைத் தூய்மையாக்க ஒரு வெள்ளாட்டின் கழுத்தில் வெள்ளி வளையம் மாட்டி வெட்டவெளிக்கு விரட்டும் சடங்கு பதிவாகியிருக்கிறது. அனத்தோலியாவின் ஹித்தியர் படைமுகாமில் கொள்ளைநோய் பரவினால், ஆட்டுக்கிடாக்களுக்கு வண்ணக் கம்பளி நூல் சுற்றி எதிரியின் எல்லைக்குள் ஓட்டிவிடுவார்கள். பாபிலோனின் புத்தாண்டு விழாவில், வெட்டிய செம்மறியின் உடலால் கோயிலைத் துடைத்து ஆற்றில் எறிவார்கள். அதைச் செய்த பூசாரி, விழா முடியும்வரை ஊருக்குள் வரக் கூடாது.

அங்கெல்லாம் வெளியேற்றப்பட்டவை நோய், பேய், தெய்வக் கோபம். இஸ்ரவேலின் ஆசாரியர்கள் அதே சடங்கை எடுத்துக்கொண்டு, ஆட்டின் தலையில் மனிதரின் நடத்தையை ஏற்றினார்கள். வாய்விட்டுச் சொன்ன அறிக்கை அதற்குள் நுழைந்தது. மக்கள் அன்றைக்கு உபவாசம் இருந்து தங்களை ஒடுக்க வேண்டும் என்ற கட்டளையும் சேர்ந்தது. சடங்கு மெல்ல மனசாட்சியின் பக்கம் திரும்பியது இங்கேதான்.

பெட்டி இல்லாத அறை

கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் சாலொமோனின் ஆலயத்தை எரித்தார்கள். உடன்படிக்கைப் பெட்டி என்ன ஆயிற்று என்பது யாருக்கும் தெரியாது. பிறகு கட்டிய இரண்டாம் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் வெற்று அறை. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பே துணிந்து உள்ளே நுழைந்தபோது அங்கே தெய்வ உருவம் எதுவும் இல்லை. தரையிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு ஒரு கல் மட்டும் இருந்தது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா குறிக்கிறது. ஆசாரியர் தூபகலசத்தை அதன்மேல் வைத்துவிட்டு, பெட்டி இருந்த காலத்தில் போலவே இரத்தத்தைத் தெளித்தார். பொருள் போன பின்னும் சடங்கு நின்றது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் யோமா பகுதி, அந்நாளின் சடங்குகளை மணிக்கு மணி சொல்கிறது. பிரதான ஆசாரியரை ஏழு நாள் முன்னதாகவே வீட்டிலிருந்து பிரித்து வைத்தார்கள். முந்தைய இரவு அவரைத் தூங்கவிடமாட்டார்கள். அன்று அவர் ஐந்து முறை முழுகி, பத்து முறை கைகால் கழுவ வேண்டும். மரத்தாலான சீட்டுகளை மாற்றிப் பொன்னால் செய்துவைத்தவர் பென் கம்லா என்ற பிரதான ஆசாரியர். போக்காட்டின் தலையில் சிவப்பு நூல் கட்டப்பட்டது. போகிற வழியில் கூட்டத்தார் அதன் மயிரைப் பிடித்து இழுத்து, எடுத்துக்கொண்டு போ என்று விரட்டினார்கள். இடையிடையே பந்தல்கள், ஒவ்வொன்றிலும் கூட்டிச்செல்கிறவனுக்குச் சோறும் தண்ணீரும் நீட்டப்பட்டன. கடைசியில் மலைவிளிம்பு. நூலில் பாதியைப் பாறையிலும் பாதியைக் கொம்புகளுக்கு இடையிலும் கட்டி, ஆட்டைப் பின்புறமாகத் தள்ளிவிடுவான். லேவியராகமம் உயிரோடு விட்ட ஆடு இப்போது செத்தது.

மீட்பின் தனிப் பாதை

இதுவரை பேசியது கறை கழுவுதல். மீட்பு வேறு வழியாக வந்தது; அதன் தொடக்கம் ஆலயத்தில் இல்லை, குடும்பத்தில் இருக்கிறது. வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றாலோ தன்னையே அடிமையாக விற்றாலோ, நெருங்கிய உறவினன் விலை கொடுத்து மீட்க வேண்டும். ரூத்துக்குப் போவாஸ் செய்தது அதுதான். மீட்க ஆள் இல்லாதவர்களுக்கு ஐம்பதாம் ஆண்டான யூபிலி இருந்தது: நிலம் திரும்பும், அடிமை வீடு போவான். அந்த ஆண்டை அறிவிக்கும் எக்காளம் எந்த நாளில் ஊதப்பட வேண்டும்? பாவநிவிர்த்தி நாளில் என்கிறது லேவியராகமம் 25. கறை நீங்குவதும் கடன் நீங்குவதும் நாட்காட்டியில் முதன்முறை முடிச்சிட்டது இங்கேதான்.

அந்த முடிச்சை இறுக்கியவர்கள் இயேசுவுக்கு முந்திய யூதர்களே. சாக்கடல் ஓரம் கும்ரானின் 11ஆம் குகையில் 1956இல் கிடைத்த ஒரு சுருளில், மெல்கிசேதேக்கு என்ற விண்ணகத் தலைவர் பத்தாம் யூபிலியின் இறுதியில் வருகிறார். அது பாவநிவிர்த்தி நாள். அவர் தம்மவரை அக்கிரமங்களிலிருந்து விடுவிக்கிறார். இதே காலப்பகுதியில் இன்னொரு எண்ணமும் வளர்ந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் மன்னனின் கொடுமையில் நீதிமான்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் சாவு வீணா? நான்காம் மக்கபேயர் நூல், அவர்களின் சாவு நாட்டின் பாவத்துக்கு ஈடாக நின்றது என்று பலிமொழியிலேயே பேசுகிறது. ஏசாயா 53 இன்னும் பழையது: பலருடைய பாவத்தைச் சுமந்து, அடிக்கப்படும் ஆட்டுக்குட்டியைப் போல வாய் திறவாமல் போகிற ஊழியன், தன்னையே குற்றநிவாரண பலியாக்குகிறான். ஒரு மனிதர் மற்றவர்களின் பாவத்துக்குப் பலியாகலாம் என்ற எண்ணத்தைக் கிறிஸ்தவர் வெறுமையிலிருந்து உண்டாக்கவில்லை.

தவறிய மாதம்

கி.பி. 30 வாக்கில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். ஆனால் அது பஸ்கா காலம், இளவேனில். பாவநிவிர்த்தி நாளோ ஆறு மாதம் தள்ளி, இலையுதிர் காலத்தில். பஸ்கா ஆட்டுக்குட்டி எகிப்திலிருந்து தப்பிய இரவின் நினைவு. அது பாவத்துக்கான பலியே அல்ல. ஆக, நிகழ்ந்த நாள் விடுதலையைச் சொல்ல, அதற்குத் தேவைப்பட்ட விளக்கம் பாவநிவிர்த்தியைக் கேட்டது. முதல் தலைமுறை இரண்டையும் சேர்த்துக்கொண்டது.

பவுலின் கடிதங்களில் அந்தச் சேர்க்கை நடக்கிற வேகத்தைப் பார்க்கலாம். கொரிந்தியருக்கு எழுதும்போது கிறிஸ்து பலியிடப்பட்ட பஸ்கா ஆடு. அதே கடிதத்தில் மக்கள் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். கலாத்தியருக்கு எழுதும்போது அவர் நமக்காகச் சாபமானவர். ரோமருக்குக் கி.பி. 57 வாக்கில் எழுதுகையில், கிரேக்க வேதாகமம் கிருபாசனத்துக்கு வைத்திருந்த பெயரையே கிறிஸ்துவுக்குக் கொடுக்கிறார். எருசலேமின் அறையில் இல்லாமற்போன மூடி ஒரு மனிதராகத் திரும்பி வந்தது போல. இவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று பவுல் நின்று விளக்குவதில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே கையாளுகிறார்.

நற்செய்தியாளர்கள் இதைக் கதையாக்கினார்கள். யோவானில் பஸ்கா ஆடுகள் வெட்டப்படுவதற்குரிய ஆயத்த நாளில் இயேசு இறக்கிறார். ஆனால் அதே நூலின் தொடக்கத்தில் அவர் உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கும் ஆட்டுக்குட்டி. சுமக்கும் வேலை பஸ்கா ஆட்டினுடையது அல்ல, போக்காட்டினுடையது. மத்தேயுவில் பிலாத்து இருவரை மக்கள் முன் நிறுத்துகிறான். ஒருவர் சாக வேண்டும், ஒருவன் விடுதலையாக வேண்டும். சில பழைய படிகளில் பரபாசின் முழுப் பெயர் இயேசு பரபாஸ். ஒரே பெயர் கொண்ட இருவர், ஒரே மாதிரியான இரு ஆடுகள். மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன் தம் லேவியராகம மறையுரையில் பரபாசைப் போக்காடாகவே வாசித்தார்.

ஓரிகனுக்கும் முன்பு, பர்னபாவின் பெயரால் வழங்கும் கடிதம் இதற்கு நேர்மாறாக வாசித்தது: துப்பப்பட்டு, குத்தப்பட்டு, தலையில் சிவப்புக் கம்பளி கட்டி விரட்டப்படும் ஆடுதான் கிறிஸ்து. ஆட்டின் தலையில் கட்டும் சிவப்புக் கம்பளி லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் இல்லை, மிஷ்னாவில் இருக்கிறது. ஆலயத்தில் உண்மையில் நடந்தது என்ன என்பது கிறிஸ்தவர்களின் காதுக்கும் எட்டியிருக்கிறது.

ஒரே ஒருமுறை

பாவநிவிர்த்தி நாளை முழுதாக எடுத்து ஆராய்ந்த ஒரே புதிய ஏற்பாட்டு நூல் எபிரெயருக்கு எழுதின நிருபம். எழுதியவர் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றார் ஓரிகன். இயேசு லேவி கோத்திரத்தார் அல்ல. அவர் எப்படி ஆசாரியர் ஆவார்? கும்ரான் சுருள் அழைத்த அதே மெல்கிசேதேக்கை இந்த ஆசிரியரும் அழைக்கிறார்: லேவிக்கு முந்திய ஆசாரியத்துவம் ஒன்று உண்டு, இயேசு அந்த முறைமையைச் சேர்ந்தவர். பூமியின் ஆலயம் விண்ணகத்தின் நிழல். பிரதான ஆசாரியர் ஆண்டுதோறும் பிற உயிரின் இரத்தத்தோடு நுழைந்தார். கிறிஸ்து தம் சொந்த இரத்தத்தோடு ஒரே ஒருமுறை நுழைந்தார். பலியிடுகிறவரும் பலியும் ஒருவரே.

நூலைக் கூர்ந்து பார்த்தால் கலப்பு தெரியும். காளை, வெள்ளாடு, சிவப்புக் கிடாரியின் சாம்பல், சீனாயில் உடன்படிக்கைக்குத் தெளித்த இரத்தம் எல்லாம் ஒரே வாதத்துக்குள் வந்துவிடுகின்றன. இவை தனித்தனிச் சடங்குகள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய நோக்கமே அவற்றை ஒன்றாக்குவது. கூடவே கறை இடம் பெயர்கிறது. மில்க்ரோம் காட்டிய பழைய முறையில் அழுக்கு படிந்தது ஆலயத்தில். எபிரெய நிருபத்தில் கழுவப்பட வேண்டியது மனசாட்சி. ஆண்டுதோறும் திரும்பும் பலி, பாவத்தை நீக்குவதற்குப் பதிலாக நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது என்பது அவர் வைக்கும் குற்றச்சாட்டு. ஆலயத்தைப் பற்றி மட்டும் சொல்லப்பட்டிருந்தால் அது செல்லாது. ஒரு வீட்டை ஆண்டுதோறும் கழுவுவதில் என்ன குறை? மனசாட்சியைப் பற்றிச் சொன்னதால்தான் அது உறைத்தது.

இரு வாரிசுகள்

கி.பி. 70இல் டைட்டஸின் படை ஆலயத்தை அழித்தது. இனி ஆடும் இல்லை, அறையும் இல்லை. பாபிலோனியத் தல்மூது ஒரு மரபைப் பதிவு செய்கிறது: அழிவுக்கு நாற்பது ஆண்டு முன்பிருந்தே கர்த்தருக்குரிய சீட்டு வலக்கையில் வரவில்லை, சிவப்பு நூல் வெளுக்கவில்லை. கணக்குப் போட்டால் கி.பி. 30 என்பதால் கிறிஸ்தவப் பிரசங்கிகளுக்கு இது பிடித்தமான இடம். தல்மூதோ இயேசுவை இதோடு இணைப்பதில்லை. அழியப்போகும் ஆலயத்துக்கான துர்க்குறியாகவே சொல்கிறது.

இடிபாடுகளைப் பார்த்து அழுத ரபி யோசுவாவிடம், இரக்கச் செயல்கள் அதற்கு ஈடான பாவநிவிர்த்தி என்று யோகனான் பென் சக்காய் ஆறுதல் சொன்னதாக ரபிகளின் மரபு கூறும். பலியைவிட இரக்கத்தைக் கடவுள் விரும்புகிறார் என்ற ஓசியா வசனமே அவருக்கு ஆதாரம். மத்தேயு நற்செய்தியில் இயேசு இரண்டு முறை எடுத்தாளும் வசனமும் அதுவே. யூதம் பலியின் இடத்தில் மனந்திரும்புதலையும் ஜெபத்தையும் தானத்தையும் வைத்தது. ஆட்டின் சடங்கு முழுவதையும் யோம் கிப்பூர் எனப்படும் பாவநிவிர்த்தி நாளின் ஜெபத்தில் இன்றும் வரிசையாகச் சொல்கிறார்கள். கிறிஸ்தவம் பலி நடந்தேறிவிட்டது என்றது. அப்பமும் திராட்சரசமும் அதன் நினைவாயின.

சிலுவை எப்படி மீட்கிறது என்பதைத் திருச்சபையின் பொது விசுவாசப் பிரமாணங்கள் எதுவும் வரையறுக்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் நீசா கிரகோரி, சாத்தான் தூண்டிலில் சிக்கிய மீன் என்றார். நசியான்சு கிரகோரியோ சாத்தானுக்கு மீட்புப்பணமா என்று கொதித்தார். ஆன்செல்ம் 1098இல் முடித்த நூலில், மனிதன் கடவுளின் மாட்சிமைக்குப் பட்ட கடனைக் கிறிஸ்து அடைத்தார் என்றார். அவருக்கு அது தண்டனைக்கு மாற்று. பதினாறாம் நூற்றாண்டில் சட்டம் படித்த கால்வின்தான், நம் தண்டனையையே கிறிஸ்து ஏற்றார் என்பதை அழுத்திச் சொன்னார். இன்று பல சபைகளில் பலி என்றதுமே ஆட்டுக்குக் கிடைத்த தண்டனை என்று விளக்குகிறார்கள். தண்டனைப் பேச்சுக்கு வேர் ஏசாயா 53இல் உண்டு. லேவியராகமத்து ஆடுகளில் இல்லை. ஒன்று கழுவியது, மற்றது சுமந்துபோனது, இரண்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை.

இவ்வளவு பிரிந்த பிறகும் ஒரு விஷயத்தில் இரு மரபும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்தவருக்குச் செய்த தீங்கை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவிர்த்தி நாள் நிவிர்த்தி செய்யாது என்று யோமா முடிகிற இடத்தில் விதி வைத்தார்கள். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மலைப் பிரசங்கத்தில் இயேசு சொன்னார். கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான கணக்கை ஆடு தீர்க்கும் என்றது ஒரு மரபு, சிலுவை தீர்த்தது என்றது மற்றொன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு இழைத்ததைத் தீர்க்க நாமே நடந்து போக வேண்டும் என்பதில் இரண்டுக்கும் பேச்சு ஒன்றுதான்.